மசாலா தடவியாச்சு... மழையும் வந்தாச்சு! உப்புக்கண்டக் கறியை எத்தனை நாள் வைக்கலாம்?

சிவகங்கை:

தீபாவளிக்கு எடுத்த ஆட்டுக்கறியில் பாதியைக் குழம்புக்கும் வறுவலுக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு போட்டுப் பிசறி உப்புக்கண்டத்துக்கு எடுத்து வைப்பது சிவகங்கை, மதுரை, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் பல வீடுகளில் நடக்கிற விஷயம்தான். விடிந்ததும் நூலில் கோத்து மொட்டை மாடியில் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். விடிந்து பார்த்தால் வானம் இருட்டிக்கொண்டு நிற்கும். ஐப்பசி மழை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

உப்புக்கண்டத்துக்கு 3, 4 நாள் சுள்ளென்று வெயில் அடிக்க வேண்டும். அந்த வெயில் வரவில்லை என்றால், மசாலா தடவிய பச்சைக்கறி சட்டியிலேயே கிடக்கும். "அதான் உப்பு போட்டிருக்கே, ஒன்னும் ஆகாது" என்று ஒருத்தர் சொல்வார். "மஞ்சள் கிருமியக் கொன்னுடும்" என்பார் இன்னொருத்தர். கடைசியில் சட்டியை ஒரு தட்டால் மூடி அடுப்படி மூலையில் வைத்துவிட்டு, நாளைக்கு வெயில் வரும் என்று காத்திருப்பார்கள். ஆபத்து ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

ஆட்டுக்கறி கிலோ 800, 1,000 ரூபாய் என்று விற்கிற காலம் இது. வாரா வாரம் சீட்டுக் கட்டி, பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கிடாயைப் பிடித்து, கூறு போட்டு வாங்கிய கறியாக இருக்கும். குலசாமி கோவில் கிடாவெட்டில் பங்காகக் கிடைத்த கறியாகவும் இருக்கலாம். பக்ரீத் மழைக்காலத்தில் வந்தால் முஸ்லிம் வீடுகளிலும் இதே தவிப்புதான். தூக்கிப் போடவும் மனசு வராது, வைத்துத் தின்னவும் பயம். எவ்வளவு நேரம், எங்கே, எப்படி வைக்கலாம் என்று தெரிந்துகொண்டால் காசும் மிஞ்சும், வயிறும் தப்பிக்கும்.

உப்பு காப்பாற்றுமா?

காப்பாற்றும். ஆனால் ருசிக்குப் போடுகிற உப்பு காப்பாற்றாது.

உப்பு கறியில் இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். கிருமி வளர ஈரம் வேண்டும். ஈரம் போய்விட்டால் அதனால் பெருக முடியாது. உப்புக்கண்டம், கருவாடு எல்லாம் நிற்பது இந்தக் கணக்கில்தான். ஆனால் அதில் பாதி வேலையைத்தான் உப்பு செய்கிறது. மீதிப் பாதி வெயிலுடையது. உப்பைப் போட்டுவிட்டு வெயிலைக் காட்டாமல் விட்டால், கறி விட்ட தண்ணீரிலேயே கறி மிதந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீரில் ரத்தமும் சத்தும் கரைந்திருப்பதால் கிருமிக்கு அதைவிட நல்ல சாப்பாடு வேறு கிடையாது.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஸ்டெபைலோகாக்கஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. மனிதர்களின் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. கையால் பிசறும்போது கறிக்குள் போய்விடும். மற்ற கிருமிகள் உப்பைக் கண்டால் ஒடுங்கும், இது ஒடுங்காது. உப்பைத் தாங்கிக்கொண்டு வளரும். போட்டிக்கு ஆள் இல்லாததால் இன்னும் வசதியாக வளரும். வளர்ந்து ஒரு விஷத்தையும் கக்கி வைக்கும். பிறகு கறியை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கிருமி சாகுமே தவிர அந்த விஷம் போகாது. "நல்லா வேக வச்சா சரியாப்போயிடும்" என்ற பேச்சு இங்கே எடுபடாது என்பதை இல்லத்தரசிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் பூண்டுக்கும் கிருமியைக் கொஞ்சம் தடுக்கிற குணம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நாம் போடுகிற அளவில் அது கறியைக் காப்பாற்றாது.

மழை நாள் குளிர்ச்சி நமக்குத்தான்!

மழை பெய்தால் வீடு ஜில்லென்று இருக்கிறது, கறி கெடாது என்று நினைப்பவர்கள் நிறைய. மழை நாளிலும் நம்ம ஊர் அடுப்படியில் 26, 28 டிகிரி சூடு இருக்கும். நமக்கு அது குளிர்ச்சி. கிருமிக்கு அது சுகமான சூடு.

பொதுவாக 4 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் உள்ள சூட்டை உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆபத்தான எல்லை என்கிறார்கள். இந்த எல்லைக்குள் ஈரமும் சூடும் தோதாக அமைந்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு மடங்காகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, 2 மணி நேரத்தில் 64 ஆகும். அதே ஒன்று 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். ராத்திரி பிசறி வெளியே வைத்து, காலையில் திறந்து பார்ப்பதற்கு இடையில் ஓடுகிற கணக்கு இதுதான்.

அதனால் மசாலா தடவினாலும் தடவாவிட்டாலும் பச்சைக்கறி வெளியே இருக்கலாம் என்பது மொத்தமே 2 மணி நேரம். வெயில் காலத்தில் 32 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் 1 மணி நேரம்தான். இந்த நேரம் நாம் மசாலா தடவியதில் இருந்து தொடங்குவதில்லை. கறிக்கடையில் வாங்கி, பஸ்சில் வந்து, வாசலில் பேசி நின்றது எல்லாம் இதில் சேர்த்திதான். கடையில் தொங்கிய நேரத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

ஃப்ரிட்ஜில் எத்தனை நாள்?

ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால், மசாலா தடவிய ஆட்டுக்கறித் துண்டுகளை 3 முதல் 5 நாள் வரை வைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. கோழிக்கறி என்றால் 2 நாள்தான். கொத்துக்கறிக்கும் 1, 2 நாளுக்கு மேல் கிடையாது. முழுத் துண்டில் கிருமி மேல்பக்கம் மட்டும் இருக்கும். கொத்தும்போது மேல்பக்கத்துக் கிருமி உள்ளே எல்லாம் கலந்துவிடும். கோலா உருண்டைக்குப் பிசறி வைத்ததை மூன்றாம் நாள் எடுத்துப் பொரிப்பது வேண்டாத வேலை.

இந்தக் கணக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் ஒழுங்காகக் குளிர்ந்தால்தான். நம்ம வீட்டு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மாவு, பால், பூ, தண்ணீர் பாட்டில், நேற்றைய குழம்பு என்று எல்லாம் முட்டி நிற்கும். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறப்பார்கள். பண்டிகை நாள் என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே 5 நாள் கணக்கை நம்ப முடியாது. ஆட்டுக்கறி 2 நாள், கோழி 1 நாள் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வைக்கிற இடமும் முக்கியம். கதவில் உள்ள தட்டு கூடவே கூடாது. ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கிற தட்டுதான் அதிகம் குளிரும். ஆனால் அங்கே வைத்தால் கறித் தண்ணீர் கீழே உள்ள பழம், காய்கறி, பால் மீது சொட்டக்கூடாது. மூடி இறுகப் பிடிக்கிற டப்பாவில் போட்டு, அடியில் ஒரு தட்டும் வைத்துவிட வேண்டும்.

பெரிய சட்டியில் 3 கிலோ கறியைக் குவித்து அப்படியே உள்ளே தள்ளுகிறார்கள். இது பெரிய தப்பு. மேல் கறி குளிர்ந்துவிடும். நடுவில் இருக்கிற கறி குளிர மணிக்கணக்காகும். அதுவரை நடுச்சட்டியில் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். அரைக் கிலோ, முக்கால் கிலோவாகப் பிரித்துத் தட்டையாகப் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

பாத்திரத்திலும் கவனம் தேவை. உப்பும் புளிப்பும் சேர்ந்த மசாலாவை அலுமினியச் சட்டியிலோ, ஈயம் போன பித்தளைப் பாத்திரத்திலோ ஒரு நாள் முழுக்க வைத்தால் உலோகம் கறிக்குள் இறங்கும், ருசியும் மாறும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் நல்லது. உணவுக்கான நல்ல பிளாஸ்டிக் டப்பாவும் பரவாயில்லை. பெயிண்டு வாளி ஆகாது.

நாள் கணக்கு போடும்போது ஒரு குழப்பம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கறியை ஃப்ரிட்ஜில் வைத்து, செவ்வாய்க்கிழமை மசாலா தடவினால், அன்றில் இருந்து புதுசாக நாள் எண்ண முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் இருந்துதான் எண்ண வேண்டும். மசாலா பழைய கறியைப் புதுசாக்காது.

தயிரா, எலுமிச்சையா, பப்பாளியா?

கெடுவது ஒரு பக்கம். கெடாமலே கறி வீணாவது இன்னொரு பக்கம். பிரியாணிக்கும் தந்தூரிக்கும் கறி ஊற வைக்கிறவர்களுக்கு இது அதிகம் உதவும்.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் கறியின் மேல்பக்கத்தைச் சீக்கிரம் மாற்றிவிடும். கோழியில் எலுமிச்சையை நிறையப் பிழிந்து ராத்திரி முழுக்க வைத்தால் மேலே வெளுத்து, மாவு மாதிரி ஆகிவிடும். தயிர் கொஞ்சம் சாது. ஒரு ராத்திரியைத் தாங்கும். மறுநாளும் ஓடினால் கறி குழைய ஆரம்பிக்கும்.

பச்சைப் பப்பாளி விஷயமே வேறு. அதன் பாலில் உள்ள பொருள் கறியின் நாரையே அறுத்துப் போடும். முத்தல் ஆட்டுக்கறி மெத்தென்று ஆவது அதனால்தான். ஆனால் அது எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் அறுத்துக்கொண்டே போகும். பப்பாளி தடவிய கறியை ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் கூழாகத்தான் கிடைக்கும். பப்பாளி தடவியாச்சு, மழையில் கரி அடுப்பு பற்ற வைக்க முடியவில்லை என்றால், தந்தூரி ஆசையை விட்டுவிட்டு உடனே வாணலியில் போட்டு வதக்கி எடுத்துவிடுவதுதான் வழி.

வானம் சந்தேகமாக இருக்கிற நாளில் ஒரு சின்னத் தந்திரம் செய்யலாம். முதலில் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு மட்டும் தடவிக் குளிரில் வைத்துவிட வேண்டும். தயிர், எலுமிச்சை, பப்பாளி எல்லாவற்றையும், அடுப்பு பற்றப் போவது உறுதி ஆன பிறகு சேர்க்கலாம். நாள் தள்ளிப்போனாலும் கறி கறியாகவே இருக்கும்.

உப்புக்கண்டத்துக்கு இந்தக் குழைகிற தொல்லை கிடையாது. அதில் கல் உப்பு கை நிறையப் போடுவார்கள், புளிப்பு சேர்ப்பதில்லை. ஃப்ரிட்ஜில் 2 நாள் கிடந்தால் கறி இறுகும், நிறம் கறுக்கும். அது கெட்டதற்கு அடையாளம் அல்ல. தினமும் ஒருமுறை டப்பாவைச் சாய்த்து, கறி விட்ட தண்ணீரை மட்டும் வடித்துக் கொட்டிவிட வேண்டும். வடித்த தண்ணீர் பட்ட தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஐஸ் பெட்டியில் வைத்தால்?

இன்னும் 2 நாளில் வெயில் வராது, வானிலை அறிக்கையில் புயல் சின்னம் என்று சொல்கிறார்கள் என்றால் காத்திருக்கக் கூடாது. முதல் நாளே ஃப்ரீசரில் போட்டுவிட வேண்டும். மூன்றாம் நாள், வாடை லேசாகத் தட்டும்போது கொண்டுபோய் ஃப்ரீசரில் போட்டால், அதுவரை வளர்ந்த கிருமி அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்குமே தவிரச் சாகாது. வெளியே எடுத்ததும் விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடங்கும்.

மைனஸ் 18 டிகிரி குளிர் இருந்தால் கறி மாதக்கணக்கில் நிற்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டியில் எப்போதும் அந்தக் குளிர் வரும் என்று சொல்ல முடியாது. கறி கல்லு மாதிரி இறுகி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கலாம். இறுகாமல் மெத்தென்று இருந்தால் அது உறையவில்லை, வெறும் குளிரில்தான் இருக்கிறது. அதற்கு ஃப்ரிட்ஜ் கணக்குதான்.

உறைந்த கறியை இளக வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலையில் எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து சமைப்பது ஆகாது. முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் மறுநாள் இளகி இருக்கும். அப்படிக் குளிரிலேயே இளகிய கறியைத் திட்டம் மறுபடி தள்ளிப்போனால் திரும்ப உறைய வைக்கலாம். ருசி கொஞ்சம் குறையும், ஆபத்து இல்லை. வெளியே வைத்து இளகியதைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது.

கரன்ட் போனால்?

மழை என்றாலே கரன்ட் போவதும் கூட வரும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜில் குளிர் சுமார் 4 மணி நேரம் நிற்கும். நிறைய அடைத்த தனி ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்கு அவ்வளவு தாக்குப் பிடிக்கும் சக்தி கிடையாது. "குளிர் இருக்கான்னு பார்க்கலாம்" என்று கதவைத் திறக்கத் திறக்கத்தான் குளிர் ஓடும்.

4 மணி நேரத்தைத் தாண்டியும் கரன்ட் வரவில்லை என்றால், அதற்கு மேல் யோசிக்காமல் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து மொத்தக் கறியையும் சமைத்துவிட வேண்டியதுதான். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ராத்திரி எப்போது கரன்ட் போனது என்றே தெரியாமல், காலையில் கறி வெதுவெதுப்பாக இருந்தால் அது குப்பைக்குத்தான்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டியும் ஐசும் ஒரு நாளைக்குக் கைகொடுக்கும். கறி டப்பாவுக்கு அடியிலும் மேலேயும் ஐஸ் இருக்க வேண்டும். உருகிய தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மீன் ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாக இருக்கும் என்று நம்ப முடியாது என்பதால் அந்தத் தண்ணீர் கறிக்குள் போகவே கூடாது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா வைக்கக் கேட்பது இதைவிடச் சுலபம். கேட்கிற வெட்கத்தில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

அடுப்புப் புகையில் கட்டலாமா?

"எங்க ஆத்தா காலத்துல மழை வந்தா அடுப்புக்கு மேல கட்டிருவாங்க" என்று கிராமங்களில் சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. விறகுப் புகை கறியை உலர்த்தும். புகையில் உள்ள சில பொருட்கள் கிருமி வளர்வதையும் தாமதப்படுத்தும். நாகாலாந்து பக்கம் பன்றிக்கறியை அடுப்புக்கு மேலே நாள் கணக்கில் தொங்கவிட்டுப் புகை போடுவது இன்றைக்கும் வழக்கத்தில் இருக்கிறது. அங்கே அடுப்பு பகல் முழுக்க எரியும், ஊரும் குளிர்ச்சியான மலை ஊர்.

நம்ம ஆத்தா காலத்து அடுப்பும் மூன்று வேளை எரிந்தது. கறியையும் விரல் தடிமனுக்கு நீளநீளமாகக் கீறி, கல் உப்பு அள்ளிப் போட்டுத்தான் கட்டினார்கள். இன்றைக்கு கேஸ் அடுப்பில் புகை ஏது? விறகடுப்பு இருக்கிற வீட்டிலும் வெந்நீருக்கு அரை மணி நேரம் எரிப்பதோடு சரி. அந்த அரை மணி நேர அனல் கறியை உலர்த்தாது, வெதுவெதுப்பாக்கி மட்டும் வைக்கும். தடியான துண்டாக இருந்தால் வெளியே காய்ந்தது போலக் காட்டிவிட்டு உள்ளே அழுகும். புகை மேல்தோலோடு நின்றுவிடும், உள்ளே போகாது.

அதனால் ஒரு நாள், இரண்டு நாள் வெயில் கண்டு பாதி காய்ந்த மெல்லிய கண்டத்துக்கு மட்டும் அடுப்புப் புகை சரி. அதுவும் அடுப்பு தொடர்ந்து எரிந்தால்தான். சட்டியில் இருந்து நேராக எடுத்த ஈரக்கறியைப் புகையில் கட்டக் கூடாது. பிளாஸ்டிக், பெயிண்டு அடித்த பலகை, மண்ணெண்ணெய் ஊற்றிய விறகு இவற்றின் புகை படவே கூடாது.

கரி அடுப்பில் புகை போட்டுக் கறி சுடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். உறைந்த கறியை நேராக அடுப்பில் ஏற்றக் கூடாது. வெளியே கருகும்போதும் நடுவில் பச்சையாக இருக்கும். முழுசாக இளகிய பிறகுதான் ஏற்ற வேண்டும். கோழி என்றால் எலும்போரத்துச் சதையில் 74 டிகிரி சூடு ஏற வேண்டும். கறி ஊறிய மசாலாத் தண்ணீரை வெந்த கறி மீது தடவுவதாக இருந்தால், அதைத் தனியாக நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் தடவ வேண்டும்.

வேக வைத்துக் காயப்போடுவது

வானம் வெளிக்காது என்று தெரிந்துவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. பிசறிய கறியை அப்படியே சட்டியில் போட்டு, அது விட்ட தண்ணீரிலேயே முழுசாக வேக வைத்து, தண்ணீர் சுண்டும் வரை வறட்டி எடுத்துவிடலாம். ஆறியதும் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள் நிற்கும். அதற்குள் வெயில் வந்தால் நூலில் கோத்துக் காயப்போடலாம். வராவிட்டால் சின்ன வெங்காயம், மிளகு போட்டுச் சுக்காவாக்கிவிடலாம். வேக வைத்துக் காயப்போட்டதில் உப்புக்கண்டத்தின் அந்தப் பழைய வாசனை கொஞ்சம் குறையும் என்பது பெரியவர்களுக்குக் குறைதான். ஆனால் பச்சையாகக் காயப்போடுவதைவிட இது பாதுகாப்பு. கறியை முதலில் நன்றாகச் சூடேற்றிக் கிருமியைக் கொன்றுவிட்டுப் பிறகு உலர்த்துவதைத்தான் வெளிநாட்டு உணவுத் துறைகளும் சொல்கின்றன.

அரை வேக்காடு மட்டும் ஆகாது. "லேசா ஒரு கொதி விட்டு வை, நாளைக்கு வேகட்டும்" என்று விட்டால், கிருமி முழுசாகச் சாகாமல் சூடு மட்டும் கிடைத்து இன்னும் வேகமாகப் பெருகும். வேக வைத்தால் முழுசாக வேக வேண்டும்.

ஃப்ரிட்ஜும் இல்லை, ஐசும் இல்லை என்றால் அன்றைக்கே சமைத்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சுவதைச் சமைத்த சூட்டோடு அக்கம்பக்கம் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

தள்ளுவண்டிக் கடைகளில்...

சாயங்காலம் 5 மணிக்கு வண்டி போடும் சில்லி சிக்கன் கடைக்காரர்களுக்கு மழை என்றால் வீட்டுக்காரர்களைவிடப் பெரிய அடி. மதியமே 5 கிலோ, 6 கிலோ கோழியில் மசாலா தடவி வைத்திருப்பார்கள். 6 மணிக்கு மழை கொட்டினால் ஒரு கிலோகூட ஓடாது. மீதியைத் தூக்கிப் போட்டால் அன்றைய கூலி மட்டுமல்ல, மறுநாள் முதலும் போகும். மறுநாள் புது மசாலாவோடு கலந்து பொரிக்கத் தோன்றுவது இந்த நெருக்கடியில்தான்.

சிவப்புச் சாயமும் இஞ்சி பூண்டும் பட்ட கோழியில் கெட்ட நிறமும் வாடையும் வெளியே தெரியாது. வாங்கித் தின்கிறவருக்கு மட்டுமல்ல, விற்கிறவருக்கே தெரியாது. 2022 மே மாதம் கேரள மாநிலம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி உயிரிழந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயது மாணவி பலியானார், பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அதற்குப் பிறகு தமிழகம் முழுக்க அதிகாரிகள் கடை கடையாகப் புகுந்து பழைய கறியைப் பறிமுதல் செய்து அழித்தது நினைவிருக்கலாம்.

மழைக்கால மாலைகளில் மொத்தக் கோழியிலும் மசாலா தடவாமல், 2 கிலோ 2 கிலோவாகத் தடவிக்கொள்வது நஷ்டத்தைக் குறைக்கும். மீதி மசாலா இல்லாமல் ஐஸ் பெட்டியிலேயே கிடக்கட்டும். வண்டியில் வெளியே இருந்த சட்டிக் கோழியை மறுநாளுக்கு எடுத்து வைக்கக் கூடாது. பெட்டிக்குள் ஐசோடு இருந்ததை அன்று ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் முதல் ஈட்டிலேயே தீர்த்துவிடலாம். புதுசையும் பழசையும் ஒரே சட்டியில் கலந்தால் இரண்டுமே பழசு என்றுதான் அர்த்தம்.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மசாலா கறியில் மூக்கை முழுசாக நம்ப முடியாது. விரலையும் கண்ணையும் நம்பலாம். ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் அலசினால் மசாலா போய்விடும். அப்புறமும் விரலில் வழவழவென்று கோந்து மாதிரி ஒட்டினால் கெட்டுவிட்டது. மசாலாத் தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழி வந்தாலும், டப்பா மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலும், தயிர் போடாத கறியில் புளித்த வாடை அடித்தாலும், ஓரம் பச்சையாக மின்னினாலும் யோசிக்க வேண்டாம். நாய்க்கும் போட வேண்டாம், குழி தோண்டிப் புதைத்துவிடலாம். இந்த அடையாளம் எதுவும் இல்லை என்பதற்காக வெளியே ராத்திரி முழுக்கக் கிடந்த கறி நல்ல கறி ஆகிவிடாது. நேரக் கணக்குதான் முதலில்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, பேதி வரலாம். சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரும். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்க வேண்டும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், தண்ணீர் குடித்தாலும் வாந்தி, குழந்தை சோர்ந்து கிடப்பது, சிறுநீர் வராதது இவற்றில் எது இருந்தாலும் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்விட வேண்டும். வண்டி இல்லை என்றால் 108-ஐ அழைக்கலாம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

வெயில் வந்துவிட்டால்...

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கண்டத்தை மறுபடி ஒருமுறை தண்ணீர் வடித்து, கோணி ஊசியில் நூல் கோத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். காலை 8, 9 மணிக்கு வெயில் ஏறிய பிறகு கட்டினால் போதும். ஈயும் காக்காயும் அண்டாமல் மெல்லிய துணியோ கொசுவலையோ சுற்றிலும் இருக்கட்டும். முதல் நாள்தான் ஈ அதிகம் மொய்க்கும், முட்டையும் அன்றைக்குத்தான் வைக்கும். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி படக் கூடாது. முதல் இரண்டு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. நடுவில் ஒரு தூறல் விழுந்து நனைந்துவிட்டால் துடைத்துவிட்டுத் திரும்பக் கட்டுவது சரிப்படாது. அன்றைக்கே எடுத்து எண்ணெயில் வறுத்துத் தின்றுவிடலாம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, தடியான துண்டு ஒன்றை எடுத்து வளைக்க வேண்டும். வளையாமல் விறைப்பாக நின்று, உடைக்கும்போது நடுவில் ஈரமோ சிவப்போ தெரியாவிட்டால் முடிந்தது. தெரிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஜாடியிலோ தகர டப்பாவிலோ போட்டு, ஈரக்கை படாமல் எடுத்துக்கொள்ளலாம். மழை மாதம் முடிகிற வரை வாரம் ஒருமுறை வெயில் காட்ட வேண்டும். பூஞ்சை பூத்தது தெரிந்தால் அதை மட்டும் சுரண்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளக் கூடாது. சமைக்கிற அன்று வெந்நீரில் ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அம்மிக்கல்லில் ஒரு தட்டு தட்டி எண்ணெயில் போட்டால் சரியாக இருக்கும். ரசம் சோற்றுக்கு இரண்டு துண்டு போதும்.